நாட்டுக்கு மின்சாரம், கற்பிட்டிக்குச் சாம்பல்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் எனக் கூறப்பட்டமை இலங்கைக்கு அப்பாலும் நகைப்புக்கு இடமளித்தது. ஆனால், அதனைத் தொடர்ந்த நாட்களில் நடைமுறைப்படுத்தப்பட்ட மின்வெட்டில் நகைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மின்பிறப்பாக்கிகள் நின்றுபோயிருந்தன. ஒருமுறை நின்றால் உடனே மீள இயக்கக் கூடிய நிலையம் அதுவல்ல. 2020 ஓகஸ்ட் 17 ஆம் திகதி கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறினால் நாடு இருளில் மூழ்கியபோதும் இதுவே நடந்தது. அப்போதும் நுரைச்சோலை வழமைக்குத் திரும்ப நாட்கள் பல எடுத்தன.

நாட்டின் ஏனைய பகுதிகளில் வாழ்வோருக்கு நுரைச்சோலை என்ற பெயர் நினைவுக்கு வருவது இத்தகைய வேளைகளில் மாத்திரமே. விளக்கு அணைந்தால் பெயர் எழும். விளக்கு எரிந்தால் பெயர் மறையும். ஆனால், அந்நிலையத்தின் புகைபோக்கியை அன்றாடம் கண்டு வாழும் மக்களுக்கு அது நாள்தோறும் உள்ள விடயம். வெங்காயத் தாளில் படியும் தூசும், கிணற்று நீர் பற்றிய சந்தேகமும், வலையில் குறைந்துபோன மீனும் அவர்களுடைய பேச்சில் ஆண்டுக்கணக்காக இருந்து வருகின்றன. நாட்டின் மின்சாரத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினை நிறைவு செய்யும் ஒரு நிலையம், தான் நிற்கும் மண்ணுக்கும் அம்மண்ணின் மக்களுக்கும் உயிரினங்களுக்கும் என்ன கடமைப்பட்டுள்ளது என்ற கேள்வியை இப்பத்தியில் ஆராய விரும்புகின்றோம்.

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையில், ஒரு பக்கம் இந்து சமுத்திரமும் மறுபக்கம் புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. பாலாவியில் கொழும்பு – புத்தளம் வீதியிலிருந்து பிரிந்து செல்லும் பாதையில் நுரைச்சோலை, மாம்புரி, ஆலங்குடா, ஏத்தாளை என ஊர்கள் தொடர்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்களும், கத்தோலிக்க மீனவர்களும், தமிழரும் சிங்களவரும் அருகருகே வாழும் நிலம் இது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினருக்குப் புகலிடம் அளித்ததும் புத்தளம் மாவட்டமே. ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களுடைய வாழ்வு பின்னர் இம்மண்ணிலேயே வேரூன்றியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் இன, மொழி வேறுபாடின்றி இலட்சக்கணக்கானோர் கூடும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலமும் இக்குடாநாட்டிலேயே அமைந்துள்ளது.

இத்தகைய ஓரிடத்துக்கு நிலக்கரி எவ்வாறு வந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருப்பது நல்லது. மழையை நம்பிய நீர்மின்சாரம் நாட்டுக்குப் போதாது என்ற நிலை 1980 களிலேயே உணரப்பட்டது. நிலக்கரி நிலையத்துக்கு முதலில் திருகோணமலையும், பின்னர் தெற்கே மாவெல்லவும் பரிசீலிக்கப்பட்டன. ஒவ்வோரிடத்திலும் எதிர்ப்பு எழுந்தது. ஒவ்வொரு முறையும் திட்டம் இடம் மாறியது. இறுதியில் அது நுரைச்சோலையில் வந்து நின்றது. இங்கும் கத்தோலிக்கத் திருச்சபையும் மீனவரும் விவசாயிகளும் எதிர்த்தனர். திருத்தலத்தின் அமைதி கெடும், கடல் கெடும், தோட்டங்கள் கெடும் என்பன அவர்களுடைய வாதங்கள். இதனால் 1990 களின் பிற்பகுதியிலிருந்து திட்டம் பல தடவை தொடங்கியும் தடைப்பட்டும் நகர்ந்தது. ஜப்பானிய நிதியுதவி பற்றிய எதிர்பார்ப்பும் கைகூடவில்லை.

2006 மே மாதத்தில் நிலைமை மாறியது. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனுதவியுடன், சீன நிறுவனம் ஒன்றின் மூலம் பணிகள் ஆரம்பிக்கப்பட்டன. நாடு மீண்டும் போருக்குள் சென்றுகொண்டிருந்த அக்காலத்தில், அபிவிருத்தித் திட்டமொன்றை எதிர்ப்பவரின் குரல் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 300 மெகாவோட் வலுவுள்ள முதலாவது அலகு 2011 மார்ச் 22 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கைக்கு விஜயம் செய்தபோது, அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவுடன் இணைந்து நிலையத்தை முழுமையாக ஆரம்பித்து வைத்தார். மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவோட். 'லக்விஜய' என்ற பெயர் சூட்டப்பட்டு, அது நாட்டின் மிகப் பெரிய மின்நிலையமாயிற்று.

இந்நிலையத்தின் தாக்கத்தை விளங்கிக்கொள்ள அதன் ஓராண்டுச் சுழற்சியைக் கவனித்தாலே போதும். முழு வலுவுடன் இயங்கும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,500 தொன் நிலக்கரியை அது எரிக்கின்றது. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல். இவ்வளவும் கடல் கடந்து வருகின்றது. பெருங் கப்பல்கள் கரையை நெருங்க முடியாத ஆழமற்ற கடல் என்பதால், நடுக்கடலில் நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகளுக்கு நிலக்கரி மாற்றப்பட்டு, நீண்ட இறங்குதுறை வழியாகக் கரைக்குக் கொண்டுவரப்படுகின்றது. தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடைபெறாது. எனவே, கடல் அமைதியாக இருக்கும் செப்டெம்பர், ஒக்ரோபர் தொடக்கம் ஏப்ரல் வரையான மாதங்களில் முழு ஆண்டுக்குமான நிலக்கரியும் இறக்கப்பட்டு, திறந்த முற்றத்தில் குன்றெனக் குவிக்கப்படுகின்றது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கடல் அமைதியான அம்மாதங்களே மீனவரின் உழைப்புக் காலம். கற்பிட்டிக் கடலில் டொல்பின் கூட்டங்களையும் திமிங்கிலங்களையும் காண உல்லாசப் பயணிகள் வரும் காலமும் அதுவே. அதே மாதங்களில்தான் நிலக்கரிக் கப்பல்களும் படகுகளும் அக்கடலில் நிறைகின்றன. இதற்கு மாறாக, கப்பல்கள் வராத சோளகக் காலத்தில், குவித்து வைக்கப்பட்ட நிலக்கரி முற்றத்தின் மீதும் சாம்பல் மேட்டின் மீதும் காற்று பலமாக மோதுகின்றது. கடலிலிருந்து தரையை நோக்கி வீசும் அக்காற்று தூசை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. நரக்களி, இலந்தையடி, பனையடி போன்ற அயற்கிராமத்தவர்கள் ஆண்டுதோறும் இதனையே முறையிட்டு வந்துள்ளனர். ஆக, ஆண்டின் ஒரு பாதியில் கடலும் மறுபாதியில் தரையும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓய்வு பெறும் பருவம் என ஒன்று அங்கில்லை.

நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பல் இருவகை. புகையோடு மேலெழுந்து வடிகட்டிகளில் சிக்கும் மென்சாம்பல் ஒருவகை. உலையின் அடியில் தங்கும் கரடான சாம்பல் மற்றொருவகை. மென்சாம்பலைச் சிமெந்துத் தொழிற்சாலைகள் பயன்படுத்துகின்றன. அது நல்ல ஏற்பாடு. அடிச்சாம்பலோ நிலத்தில் கொட்டப்பட்டுக் கிடக்கின்றது. உலகில் எங்கு எரிக்கப்பட்டாலும் நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருட்கள் சிறிதளவேனும் இருப்பது விஞ்ஞானம் அறிந்த உண்மை. சிறிதளவு என்பது ஒரு நாளைய கணக்கு. பல ஆண்டுகள் ஒரே மேட்டில் சேரும்போது, அது எந்த மண்ணின் மேல் சேர்கின்றது என்பதே முக்கியமாகின்றது.

கற்பிட்டியின் மண் மணல். அந்த மணலுக்கடியில், உவர் நீரின் மேல் மிதப்பது போல மெல்லிய நன்னீர்ப் படையொன்று உள்ளது. மழை மட்டுமே அதனை நிரப்புகின்றது. ஆறோ குளமோ இல்லாத இக்குடாநாட்டில் குடிப்பதற்கும் பயிருக்கும் பெரும்பாலும் இந்நீரே ஆதாரம். சில முழ ஆழத்தில் நீர் கிடைப்பதால்தான் சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், புகையிலை எனக் கற்பிட்டித் தோட்டங்கள் ஆண்டு முழுவதும் விளைகின்றன. கொழும்புச் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் லொறிகள் செல்கின்றன. ஆனால், மணல் எதனையும் தடுத்து நிறுத்தாது. மேலே கொட்டுவது கீழே இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகம் மின்நிலையப் பகுதியின் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வெளிப்பட்டபோது ஏற்பட்ட பதற்றத்தைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விவகாரம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. நிலத்தடி நீரையே நம்பி வாழும் மக்களுக்குக் கிணறு கெட்டால் ஊர் கெட்டது போலத்தான்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கற்பிட்டியின் கிணற்று நீரைக் கெடுப்பது மின்நிலையம் மாத்திரம் அன்று. அளவுக்கு மீறி இடப்படும் இரசாயன உரத்தினால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று அதிகரித்திருப்பதை ஆய்வாளர்கள் நீண்டகாலமாகவே எடுத்துக்காட்டி வந்துள்ளனர். மின்நிலையம் வருவதற்கு முன்னரே அப்பிரச்சினை இருந்தது. எனவே, எந்தக் கேடு எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், தொடர்ச்சியான அளவீடு வேண்டும். அளவீடு மக்கள் கையில் இல்லாதபோது, விவசாயி தூசைக் குற்றஞ்சாட்டுவார். அதிகாரி உரத்தைக் குற்றஞ்சாட்டுவார். கிணறு கெட்டுக்கொண்டே இருக்கும்.

கடலின் நிலையும் இதுவே. கற்பிட்டிக்கு அப்பால் விரிந்துள்ள 'பார்' முருகைக்கற் பாறைத்தொடர் 1992 ஆம் ஆண்டு கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பரப்பு நாட்டின் செழுமை மிக்க முருகைக்கல் வளங்களுள் ஒன்று. களப்பில் கண்டல் காடுகளும் கடற்புற்றரைகளும் உள்ளன. இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வளரும் தொட்டில் அவை. கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசு, நம் மீனவர் ஆவுளியா என அழைக்கும் அந்தச் சாதுவான பிராணி, மன்னார் வளைகுடாவிலிருந்து இப்பகுதி வரை இன்னும் அரிதாகத் தென்படுகின்றது. களப்பின் வடக்கே நாட்டின் மிகப் பெரிய தேசிய வனமான வில்பத்து. யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் காட்டுக்கும், டொல்பின் துள்ளும் கடலுக்கும் இடையில் அமைந்த இத்தகைய நிலம் நாட்டில் வேறில்லை.

ஆவுளியா அருகியதற்கு வலையும் வேட்டையும் முதற்காரணங்கள். பார் பாறைத்தொடர் 1998 இலும் 2016 இலும் வெளிறிச் சிதைந்தமைக்குக் கடல் வெப்பமடைந்ததே காரணம். இவற்றை நேரடியாக நுரைச்சோலையின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. ஆனால், கடலை வெப்பமாக்கும் கரியமில வாயுவை நாட்டில் அதிகமாக வெளியிடும் தனி நிலையம், அதே முருகைக்கற்களின் அயலில் நிற்கின்றது என்ற முரணை எவரும் மறுக்க முடியாது. இதைவிட, உலையைக் குளிர்விக்கக் கடல் நீரை உறிஞ்சி, வெப்பமேறிய நீரை மீண்டும் கடலுக்கே விடுவதும் அன்றாடம் நடைபெறுகின்றது. ஏற்கெனவே வெப்பத்தால் தளர்ந்த கடலுக்கு இது மேலதிகச் சுமை. இறக்கும்போது சிந்தும் நிலக்கரி வலைகளில் சிக்குகின்றது, இறங்குதுறைப் பக்கம் முன்போல் தொழில் செய்ய முடியவில்லை என்பன மீனவரின் முறைப்பாடுகள். கரைவலை இழுப்போருக்குக் கடலில் வேறு இடம் தேடிச் செல்லும் வசதியும் கிடையாது.

இவற்றையெல்லாம் கூறுவதால் நுரைச்சோலையை நாளையே மூடிவிட வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. டீசலிலும் உலை எண்ணெயிலும் பெறும் மின்சாரத்தை விட நிலக்கரி மின்சாரம் மலிவானது. 2022 ஆம் ஆண்டு டொலர் இன்றி எண்ணெய்க் கப்பல்களுக்குப் பணம் செலுத்த முடியாமல் நாடு தவித்து, நாளொன்றுக்குப் பல மணிநேர மின்வெட்டை அனுபவித்தபோது, இந்நிலையமும் இல்லாதிருந்தால் நிலைமை எவ்வளவு மோசமாகியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். வைத்தியசாலைகளும் தொழிற்சாலைகளும் மாணவரின் மேசை விளக்கும் அதனால் பயனடைகின்றன. கற்பிட்டி மக்களின் வீடுகளும்தான். நன்மை நாடு முழுவதற்கும் பகிரப்படுகின்றது. ஆனால் தீமையைச் சுமப்பது ஒரு சில கிராமங்கள். இந்தச் சமமின்மையே எமது கவலை.

புத்தளம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். சிமெந்துத் தொழிற்சாலையின் தூசு பற்றிய முறைப்பாடுகள் பல தசாப்த காலம் பழைமையானவை. அதற்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட அருவக்காட்டுக் குழிகளில், 2017 ஏப்ரலில் மீத்தொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து உயிர்கள் பலியானதன் பின்னர், கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து நிரப்பும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. அதற்கெதிராகப் புத்தளத்து முஸ்லிம், தமிழ், சிங்கள மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றனர். இருந்தும் 2019 இல் குப்பை வந்தது. தலைநகரின் மின்சாரத்துக்கு நிலக்கரி, தலைநகரின் கட்டடங்களுக்குச் சிமெந்து, தலைநகரின் கழிவுக்குக் குழி என ஒரே மாவட்டம் தேர்ந்தெடுக்கப்படுவது தற்செயல்தானா? இக்காலத்தின் பெரும்பகுதியில், மாவட்டத்தின் கணிசமான முஸ்லிம் மக்களுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி கூட இருக்கவில்லை என்பதையும், ஏறத்தாழ மூன்று தசாப்தங்களின் பின் 2020 இல்தான் அவ்வாசனம் மீண்டும் கிடைத்தது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். குரல் குறைந்த இடத்தைத் தேடியே சுமைகள் வருகின்றன.

மாகாண மட்டத்திலும் நிலைமை வேறல்ல. சுற்றாடலுக்கெனத் தனியான நியதிச் சட்டத்தையும் அதிகாரசபையையும் 1990 இலேயே உருவாக்கிக்கொண்டது வடமேல் மாகாணம். அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும் நாம் பெருமையுடன் சுட்டிக்காட்ட வேண்டிய முன்மாதிரி அது. மத்திய அரசாங்கத்தின் மின்நிலையம் ஒன்று மாகாண அதிகாரசபையின் கண்காணிப்புக்கு உட்படுவது கோட்பாட்டில் சிறந்தது. ஆனால், நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தரும் நிலையத்தை நிறுத்து என்று சொல்லும் துணிவு எந்த மாகாண அதிகாரிக்கு வரும்? அதுவும், 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிவடைந்த மாகாண சபைக்கு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாத சூழலில், அவ்வதிகாரிக்குப் பின்னால் நிற்பதற்கு மக்கள் பிரதிநிதி எவரும் இல்லாத நிலையில்?

நிலக்கரித் திட்டமொன்றைத் தடுக்கவே முடியாது என்று எண்ணுவோருக்குச் சம்பூர் ஒரு மறுமொழி. மூதூர் கிழக்கில் கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை போன்ற கிராமங்களின் மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேறினர். அவர்கள் வெளியேறி எட்டு மாதங்களில், அதாவது அவ்வாண்டு டிசெம்பர் இறுதியில், இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துக்கும் இலங்கை மின்சார சபைக்கும் இடையே 500 மெகாவோட் நிலக்கரி நிலையத்துக்கான உடன்பாடு கைச்சாத்தானது. பின்னர் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. உரிமையாளர் அகதி முகாமில் இருக்க, அவருடைய காணியின் எதிர்காலம் இரு தலைநகரங்களில் தீர்மானிக்கப்பட்டது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் அம்மக்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தனர்.

2015 இன் பின்னர் படிப்படியாக ஊர் திரும்பிய அவர்கள், நிலக்கரி வேண்டாம் என்று ஒரே குரலில் கூறினர். கொட்டியாரக் குடாவில் தொழில் செய்யும் மூதூர் முஸ்லிம் மீனவருக்கும் அக்கடல் வாழ்வாதாரம் என்பதால் அவர்களும் அக்குரலில் சேர்ந்தனர். போர்க்காலத்தில் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய இரு சமூகங்கள், ஒரே குடாவின் நீருக்காக ஒரே பக்கத்தில் நின்றமை சிறிய விடயமன்று. சுற்றாடல் அமைப்பொன்று உச்சநீதிமன்றத்தை நாடியது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்பட மாட்டாது எனச் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி கொழும்பு வந்தபோது, அதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்நிலையத்துக்கான பணிகள் ஆரம்பித்து வைக்கப்பட்டன.

நுரைச்சோலையிலும் மக்கள் எதிர்த்தனர், சம்பூரிலும் எதிர்த்தனர். ஒன்று கட்டப்பட்டது, மற்றையது கைவிடப்பட்டது. சம்பூர் மக்கள் அதிக பலசாலிகளாக இருந்தமையால் இது நிகழவில்லை. நுரைச்சோலையின் அனுபவம் அதற்குள் நாட்டின் கண்முன் இருந்தது. சூரிய மின்சாரத்தின் விலை வீழ்ந்துகொண்டிருந்தது. உலகின் மனப்போக்கும் மாறிவிட்டிருந்தது. ஒரு வகையில், கற்பிட்டி சுமந்த சாம்பலே சம்பூரைக் காப்பாற்றியது எனலாம். 2021 செப்டெம்பரில், புதிய நிலக்கரி நிலையங்களை அமைப்பதில்லை என்ற சர்வதேச உடன்பாட்டின் முன்னோடி நாடுகளுள் ஒன்றாக இலங்கையும் இணைந்தது. நுரைச்சோலையில் நான்காவது அலகொன்றை அமைக்கும் யோசனையும் கைவிடப்பட்டது. அக்கடனை நாடு கற்பிட்டிக்கு இன்னும் திருப்பிச் செலுத்தவில்லை.

அதேவேளை, நிலக்கரியின் இடத்துக்குச் சூரியனும் காற்றும் வந்துவிட்டால் நீதி தானாகவே வந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. மன்னார்த் தீவில் காற்றாலைகள் பெருகுவதை எதிர்த்து 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தனர். வலசைப் பறவைகளின் பாதை, வெள்ளம் வடியாத நிலம், மீன்பிடி எனப் பல காரணங்களை அவர்கள் முன்வைத்தனர். திருகோணமலை முத்துநகரில் சூரிய மின் திட்டத்துக்காகத் தமது வயல் நிலங்கள் பறிபோவதை எதிர்த்து விவசாயிகள் போராடினர். எரிபொருள் மாறலாம், ஆனால், கொழும்பில் வரைபடத்தைப் பார்த்து இடத்தைத் தெரிந்துவிட்டு, ஊருக்கு இறுதியில் அறிவிக்கும் பழக்கம் மாறவில்லையெனில் ஒவ்வொரு திட்டமும் இன்னொரு நுரைச்சோலையாகவே முடியும்.

இனி என்ன செய்யலாம்? முதலாவதாக, அளவீடுகள் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். காற்றில் தூசின் அளவு, கிணறுகளில் உலோகங்களின் அளவு, வெளியேறும் நீரின் வெப்பம் ஆகியவற்றை நிலையத்தைச் சாராத ஒரு நிறுவனம், உதாரணமாகப் பல்கலைக்கழகமொன்று, தொடர்ச்சியாக அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்திலும் பாடசாலைகளிலும் பள்ளிவாசல், தேவாலய முன்றல்களிலும் ஒட்ட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையிலுள்ள நாட்டில், தாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி அறிய மக்கள் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கக் கூடாது. இரண்டாவதாக, நிலக்கரி முற்றத்தையும் சாம்பல் மேட்டையும் காற்றுத் தடுப்புகளாலும் கூரையாலும் மூடும் பணி பருவக்காற்றுக்கு முன்னர் நிறைவேற்றப்பட வேண்டிய கடமையாகக் கருதப்பட வேண்டும். அடிச்சாம்பல் கிடக்கும் நிலத்தின் அடியில் நீர்க்கசிவு உள்ளதா என்பது பரிசோதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இழப்பீடு. தூசினால் பயிர் இழந்தவரும் கடலில் இடம் இழந்தவரும் ஒவ்வொரு முறையும் மனுவோடு அலையாதவாறு, மின்நிலையத்தின் வருமானத்திலிருந்து ஒரு சிறு பங்கு நிலையான நிதியமாக ஒதுக்கப்பட்டு, விவசாய, மீனவர் சங்கங்களின் பங்களிப்புடன் நிர்வகிக்கப்படலாம். குடிநீர்க் குழாயும், சுவாச நோய்களுக்கான சிகிச்சை வசதியும் அதன் முதற் செலவுகளாகட்டும்.

நான்காவது விடயம் யாவற்றிலும் அவசரமானது. 2024 ஆம் ஆண்டின் இலங்கை மின்சாரச் சட்டமும் அதன் 2025 ஆம் ஆண்டுத் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் ஒப்படைக்க வழிவகுக்கின்றன. மின்னுற்பத்தி ஒரு கம்பனியிடம் செல்லும். சொத்துகளும் கடன்களும் பகிரப்படும். ஆனால், சாம்பல் மேடு யாருடைய கணக்கில் எழுதப்படும்? முப்பது ஆண்டுகள் என்ற வழமையான ஆயுட்காலத்தைக் கொண்டால், முதலாவது அலகு 2041 அளவிலும் ஏனையவை 2044 அளவிலும் ஓய்வு பெற வேண்டும். அன்று புகைபோக்கியை இறக்கவும், நிலக்கரி ஊறிய மண்ணை அகற்றவும், கடலுக்குள் நீளும் இறங்குதுறையைக் கலைக்கவும், அங்கு வேலை செய்தோருக்கு மாற்றுத் தொழில் வழங்கவும் பெருந்தொகை தேவைப்படும். அத்தொகையை இன்றிலிருந்தே ஒதுக்கும் சட்டக் கடப்பாடு புதிய கம்பனிக்கு விதிக்கப்பட வேண்டும். இல்லையேல், இலாபம் ஈட்டிய நிறுவனம் பெயர் மாறிப் போய்விட, கழிவு மட்டும் கற்பிட்டியில் நிலைத்துவிடும்.

இக்கோரிக்கைகளை எழுப்புவதில் தமிழ், முஸ்லிம் தலைமைகளுக்கு ஒரு பொறுப்பு உண்டு. காணி, மொழி, அதிகாரம் பற்றிப் பேசிப் பழகிய எமது அரசியல், காற்றையும் கிணற்றையும் களப்பையும் பற்றி அரிதாகவே பேசுகின்றது. அவையும் காணி உரிமையின் பகுதிகளே. வெங்காயம் விளையாத காணியின் உறுதிப்பத்திரத்தை வைத்திருப்பதால் எவருக்கும் பயனில்லை. நரக்களியில் தூசு விழும்போது அது முஸ்லிமின் தோட்டத்தையும் கத்தோலிக்கரின் வாடியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எதிர்த்துக் கேட்பவர்களும் பிரிந்து நின்று கேட்கத் தேவையில்லை.

நுரைச்சோலை இன்னும் பல ஆண்டுகள் எரியப் போகின்றது என்பது யதார்த்தம். அந்த ஆண்டுகளை எவ்வாறு கழிப்பது என்பதே நம்முன் உள்ள தெரிவு. அடுத்த சோளகம் வீசுவதற்கு முன்னர் முற்றத்தை மூடுவதும், அடுத்த அறுவடைக்கு முன்னர் கிணறுகளைச் சோதிப்பதும் பெருந் திட்டங்கள் அல்ல. அவற்றுக்கு வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை. அவற்றையேனும் செய்ய முன்வராத அரசாங்கம், எதிர்காலத்தில் இன்னொரு கரையோரக் கிராமத்துக்குச் சென்று, 'நாட்டின் நன்மைக்காக உங்கள் நிலத்தைத் தாருங்கள்' என்று கேட்கும் தார்மீக உரிமையை இழந்துவிடும்.